பால் எங்கீங்க விழுகோணும்?

கோல்ஃப் மைதானத்தில் என் பையைச் சுமந்து கூட வரும் கேடி அண்ணா, அதிலிருந்து செவன் அயர்ன் என்ற மட்டையை உருவி நீட்டினார். வாங்கப் போனேன். பிடியை விடவில்லை.

“பால் எங்கீங்க விழுகோணும்?”

“கிரீன்லதானுங்ணா.”

“கிரீன் பெருசுங்க சார். அதுல எங்கீங்க?”

“கொடிகிட்ட.”

“கொடிகிட்ட விழுகோணுமா, கொடிகிட்ட நிக்கோணுமா?”

பதில் தெரியவில்லை. அப்போது நாலு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தேன். மூன்றே அடியில் முடிக்க வேண்டிய இந்த 138 யார்டு குழியை மட்டும் நூறு தடவைக்கு மேல் ஆடியிருப்பேன். முன்னால் ஒரு குளம், அதற்கு அந்தப் பக்கம் கிரீன், அதாவது கொடியும் குழியும் இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை. அந்த மாதத்தில் மட்டும் மூன்று பந்துகளைக் குளத்துக்குக் கொடுத்திருந்தேன். விழுவது வேறு, நிற்பது வேறு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவர் கையை நீட்டிக் காட்டினார். “கொடிக்கு எடப்பக்கம், ஒரு பதினஞ்சடி முன்னாடி பழுப்பா திட்டு தெரியுதுங்களா? ஸ்பிரிங்ளர் தண்ணி அங்க எட்டாதுங்க. அதுல போட்டீங்கன்னா ரெண்டு குதி குதிச்சு, வலப்பக்கமா உருண்டு, கொடிகிட்ட நிக்குமுங்க.”

அடித்தேன். பந்து திட்டில் விழவில்லை, அதற்குப் பத்தடி தள்ளி விழுந்தது. ஆனால் கிரீனில்தான் இருந்தது. அடுத்த குழிக்கு நடந்துபோகும்போதுதான் உறைத்தது, அந்த அடியின்போது நான் குளத்தைப் பார்க்கவே இல்லை.

கோல்ஃபுக்கு நான் வந்தது நாற்பத்தாறு வயதில். கோவையில் சின்னதாக ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ரீவைண்டிங், அசெம்பிளி, அவ்வப்போது ஒரு ஏற்றுமதி ஆர்டர். சரக்கு வாங்க வந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்று தொற்றிய வியாதி. வீட்டில் இன்னும் “குச்சியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு” என்றுதான் சொல்கிறார்கள். நாலு வருஷம் கழித்தும் அப்போது என் ஹேண்டிகேப் 24. ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொன்னால், 72 அடியில் முடிக்க வேண்டியதை நான் 96 அடியில் முடித்தால் அது எனக்கு நல்ல நாள்.

கேடி அண்ணாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பதினாலு கிளப்பும் (பந்தடிக்கும் மட்டைகள்) அடங்கிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்போடு எனக்கு முன்னால் நடப்பார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பன் ஜெயித்த கதையை, தன் சொந்தத் தம்பி ஜெயித்ததுபோலச் சொல்வார். அவரே கிளப்பைத் தொடுவது மைதானம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில்தான். அப்போதும் யாரோ தூக்கிப்போட்ட பழைய கிளப். அவரைத் தோற்கடித்த உறுப்பினர் யாரையும் எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஜாக் நிக்லஸ், மேஜர் எனப்படும் மிகப் பெரிய கோல்ஃப் போட்டிகளில் பதினெட்டுப் பட்டங்கள் வென்றவர், இதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். முதலில், பந்து கடைசியாகப் போய் உட்கார வேண்டிய இடத்தை மனதில் பார்ப்பாராம், பச்சைப் புல் மேல் வெள்ளைவெளேரென்று. பிறகு அது அங்கே போகும் பாதை, உயரம், விழுந்ததும் எப்படி நடந்துகொள்கிறது என்பது. கடைசியாகத்தான் அதையெல்லாம் நடத்திவைக்கும் தன் ஸ்விங். பயிற்சியில்கூட இந்தப் படம் ஓடாமல் ஒரு பந்தையும் அடித்ததில்லை என்கிறார். ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஜேசன் டே பந்துக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொள்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2015 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை ஜெயித்தபோதும் அப்படித்தான் நின்றார், இமை துடிக்கத் துடிக்க.

சரி, நாமும் பார்ப்போம் என்று மறுநாள் பந்துக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடினேன்.

இருட்டு. வெறும் இருட்டு.

எனக்குப் படம் வராது. அதுவரை எனக்கே இது தெரியாது. ‘கண்ணை மூடினால் அம்மா முகம் தெரிகிறது’ என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வது ஒரு பேச்சு வழக்கு என்றே நினைத்திருந்தேன். வீட்டில் கேட்டேன். “மருதமலைப் படிக்கட்ட நெனச்சா உனக்கு என்ன தெரியுது?” என்றதும் கம்பி, வெயில், பூக்காரி, குரங்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அங்கே படிக்கட்டு இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களாம். இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமன் 2015-ல் இதற்கு அஃபாண்டேசியா என்று பெயர் வைத்தார். நான் முழுக்க அந்தக் கணக்கில் வருவேனா என்று தெரியாது. சில சமயம் ஒரு நிழல்போல ஏதோ தட்டுப்படும். ஆனால் வெள்ளைவெளேர் பந்தெல்லாம் இல்லை.

‘இது நமக்கு ஆகாது’ என்று நாலைந்து மாதம் விட்டுவிட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஒர்க்‌ஷாப்பில்தான் அதற்கு வழி கிடைத்தது. ஒரு மோனோபிளாக் பம்ப் வந்திருந்தது. ‘சத்தம் போடுது’ என்பதுதான் புகார். நான் வழக்கம்போல நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்டேன். உள்ளே மணல் அரைபடுவதுபோல ஒரு கரகரப்பு. பேரிங் போச்சு. புதுசு போட்டு ஓடவிட்டு மறுபடியும் கேட்டேன். கேட்பதற்கு முன்பே அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்றால் தகவலாக அல்ல. காதுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் வழுக்குவதுபோல ஒரு ‘ம்ம்ம்’.

எனக்குக் கண்ணில் வராதது காதில் வருகிறது! முப்பது வருஷமாக அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன், கோல்ஃப் மைதானத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தத் தோன்றவில்லை.

செவன் அயர்ன் பந்தைச் சுத்தமாகப் பிடித்தால் ஒரு ‘டக்’. முதலில் மண்ணைத் தொட்டுவிட்டால் ‘தொப்’. பந்தின் மண்டையில் பட்டால் ‘டிங்’கென்று உள்ளங்கை எரியும். இந்த மூன்றையும் இப்போது இங்கே உட்கார்ந்தபடியே என்னால் கேட்க முடியும். அதோடு கையில் அந்த ‘டக்’குக்கு உரிய கனமும் வருகிறது. நிக்லஸுக்குப் படம் என்றால் எனக்கு இது. உங்களுக்கு எது வருமோ தெரியாது. சிலருக்கு நிறம் வரலாம், சிலருக்கு ஒரு கோடு மட்டும் வரலாம். கண்ணை மூடிப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம். கையையும் காதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. கேடி அண்ணா என்னைப் படம் பார்க்கச் சொல்லவே இல்லை. எங்கே விழ வேண்டும் என்றுதான் கேட்டார். அவர் கேட்டது ஒரு முடிவு. எனக்கு அந்தக் கேள்விதான் மருந்து. இடம் முடிவாகிவிட்டால் எந்த கிளப், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் எல்லாம் தானாகக் கூடவே வந்துவிடும். முடிவாகாமல் பந்துக்கு முன்னால் போய் நின்றால்தான் மனசு குளத்தை நோக்கிப் போகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். பந்துக்குப் பின்னால் இரண்டு எட்டுத் தள்ளி நிற்பேன். பந்து எங்கே நிற்க வேண்டும், அதற்காக எங்கே விழ வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். ‘கிரீன்’ என்று சொன்னால் செல்லாது. ‘பழுப்புத் திட்டின் இடது ஓரம்’ என்பதுபோலச் சொல்ல வேண்டும். கண் திறந்தே இருக்கும். இங்கிருந்து அந்த இடம் வரைக்கும் பந்து போகிற வளைவைக் கண்ணாலேயே ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். படம் வராதவனுக்கும் இது முடியும். பறவை போனால் பின்தொடர்ந்து பார்க்கிறோமே, அதேபோலத்தான். பறவைதான் இல்லை. பிறகு அந்தக் கோட்டிலேயே, பந்துக்கு ஒரு முழம் முன்னால், ஒரு காய்ந்த இலையோ பழைய வெட்டுத் தழும்போ பார்த்து வைத்துக்கொள்வேன். 138 யார்டுக்கு அப்பால் குறி பார்த்து நிற்பதைவிட ஒரு முழத்துக்கு முன்னால் குறி பார்த்து நிற்பது சுலபம். இதுவும் நிக்லஸ் செய்ததுதான். அப்புறம் ஒரே ஒரு வெற்று ஸ்விங். அதில் அந்த ‘டக்’கைக் காதில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னொன்று. கேட்டதும் பந்துக்குப் பக்கத்தில் போய், இலையை நோக்கி கிளப்பை வைத்து, இலக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடித்துவிடுவேன்.

உடனே அடிக்க வேண்டும். இந்த உணர்வு ரொம்ப நேரம் நிற்காது. என் கணக்கில் நாலைந்து மூச்சு. அதற்குமேல் பந்தின் முன் நின்றால் முழங்கை, இடுப்பு, நேற்று யூட்யூபில் பார்த்தது என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் யாராவது பேசிவிட்டாலோ மயில் அகவினாலோ (எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே இல்லை) வெளியே வந்து, பின்னால் போய், முதலிலிருந்து ஆரம்பிக்கத்தான் வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே அடித்த பந்துகளை நான் எண்ணியதில்லை. குளத்தைத் தூர்வாரினால் எண்ணிக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் நான் மனதில் ஓட்டியதெல்லாம் டிவியில் பார்த்த ஷாட்கள். பந்து நேராகப் போய், கடைசியில் அழகாக இடப்பக்கம் வளைந்து, கொடிக்குப் பக்கத்தில் பின்னோக்கிச் சுழன்று நிற்கும். என் பந்து ஜென்மத்தில் இடப்பக்கம் வளைந்ததில்லை. எல்லாம் வலப்பக்கம்தான், பத்துப் பதினைந்து யார்டு. ஸ்லைஸ். மனதில் ஒன்று ஓடி, கை வேறொன்றைச் செய்தால், பந்து மூன்றாவதாக ஓர் இடத்துக்குப் போகிறது. இப்போது என் ஸ்லைஸையே கற்பனை செய்கிறேன். குளத்தின் இடது கரையில் இருக்கும் வேப்ப மரத்தின் மேல் கிளம்பி, மெதுவாக வலப்பக்கம் வந்து, திட்டில் இறங்குகிறது. அசிங்கமான வளைவுதான், ஆனால் என் வளைவு. தூரமும் அப்படித்தான். எப்போதோ காற்று பின்னால் தள்ளியபோது ஒரு செவன் அயர்ன் 155 யார்டு போனது என்பதற்காக அதை 155 யார்டு கிளப் என்று நினைத்துக் கற்பனை செய்யக் கூடாது. பத்துப் பந்து அடித்தால் ஆறேழு எங்கே விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம்.

கோவைக்காரனுக்குக் காற்று ஒரு தனி அத்தியாயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து வீசும். ஆடியில் சொல்லவே வேண்டாம், தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பந்தின் உயரத்தில் அடிக்கும் காற்று தரையில் நிற்கும் நமக்குத் தெரியாது. புல்லைக் கிள்ளி மேலே போட்டால் நம் தலை உயரத்துக் காற்று மட்டும்தான் தெரியும். கேடி அண்ணா தென்னை உச்சியைப் பார்ப்பார். ஓலை எல்லாம் எங்கள் பக்கம் சீவி விட்டதுபோல இருந்தால் இரண்டு கிளப் கூட, அதாவது இன்னும் தூரம் போகும் கிளப்பை, எடுக்கச் சொல்லிவிடுவார். எதிர்க்காற்றில் எனக்கு உதவியது, பந்தை ஒரு வாசல் வழியாக அனுப்புவதாக நினைத்துக்கொள்வது. தாழ்வான வாசல், குனிந்து போக வேண்டும். இதற்குப் படம் தேவையில்லை, நமக்கே குனியத் தோன்றும். உடம்பு தானாக மெதுவாக அடிக்கிறது. எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பந்து இன்னும் சுழன்று மேலே ஏறி, அங்கேயே நின்று, பொத்தென்று விழும். எல்லோரும் செய்யும் தப்பு.

குளத்துக்கு மறுபடி வருகிறேன். எங்கள் நால்வர் கோஷ்டியில் ஒரு நண்பர், நல்ல மனிதர், அந்தக் குழிக்கு வந்தாலே “தண்ணில போட்டுராதீங்க” என்பார். அன்பாகத்தான் சொல்கிறார். குழந்தை கையில் பால் டம்ளரைக் கொடுத்து “சிந்தீராதடா கண்ணு” என்று சொன்ன கையோடு தரையைத் துடைக்கத் துணி தேடுகிறோமே, அந்த வகை அன்பு. ‘போடாதே’ என்பதை மனசு படமாக்க முடியாது. தண்ணீரைத்தான் படமாக்கும்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடனிருந்தவர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், பட் (பந்தைக் குழியை நோக்கித் தரையில் உருட்டும் அடி) அடிப்பவர்களிடம் ‘குறியைத் தாண்டி அடித்துவிடக் கூடாது’ என்று சொன்னார்கள். சிலரிடம் கூடவே ஓர் ஆறு இலக்க எண்ணையும் மனதில் வைத்திருக்கச் சொன்னார்கள். எண்ணைச் சுமந்தவர்கள்தான் தாண்டி அடித்தார்கள். அதற்கு முன்பே, 1985-ல், இன்னொரு ஆய்வு. பந்து குழியின் ஓரத்தில் கடைசி நொடியில் தவறிப்போவதாகக் கற்பனை செய்துவிட்டு அடித்தவர்களின் ஆட்டம் மோசமானது. நமக்கு அந்த ஆறு இலக்க எண் ஆபீஸ் டென்ஷனாக இருக்கும், ஐந்நூறு ரூபாய் பந்தயமாக இருக்கும், பின்னால் காத்திருக்கும் அடுத்த கோஷ்டியாக இருக்கும். மனசு நிறைய இருக்கிற நேரத்தில்தான் ‘கூடாது’ என்று நினைத்தது நடந்துவிடுகிறது.

தண்ணீர் இருக்கிறது என்பதை நான் மறுப்பதில்லை. பையை இறக்கும்போதே அதைப் பார்த்து, எந்த கிளப் எடுத்தால் தாராளமாகத் தாண்டும் என்று முடிவு செய்துவிடுவேன். அங்கேயே அதன் வேலை முடிந்தது. பந்துக்குப் பின்னால் வந்த பிறகு பேச்சு திட்டைப் பற்றி மட்டும்.

பட் விஷயத்தில்தான் எனக்குப் பலன் அதிகம். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்து 42.67. எங்கள் தொழிலில் 108-க்குள் 42.67 போகிறது என்றால் அது கிளியரன்ஸ் இல்லை, வாசற்கதவு. பிறகு ஏன் மூன்றடி தூரத்தில் தவறுகிறது? வேகம்தான். மெல்ல உருண்டு வரும் பந்துக்கு அந்த 108 மில்லிமீட்டரும் திறந்திருக்கிறது. வேகமாக வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டும்தான், ஓரத்தில் பட்டால் சுழன்று வெளியே வந்துவிடும். அதனால் பட்டில் நான் பந்து போகும் கோட்டைக் காட்டிலும் கடைசி ஓரடி தூரத்தைத்தான் அதிகம் யோசிக்கிறேன். அந்த ஓரடியில் பந்து எப்படி வர வேண்டும்? கடிகார முகமாகக் குழியை வைத்துக்கொண்டால், எத்தனை மணி முள் பக்கமாக உள்ளே இறங்க வேண்டும்? இடப்பக்கம் மேடாக இருந்தால் எட்டு மணிப் பக்கம், வலப்பக்கம் மேடு என்றால் நாலு மணிப் பக்கம். பிறகு அந்தச் சத்தம். பந்து பிளாஸ்டிக் கப்பின் அடியில் விழும்போது ‘களக்’கென்று ஒரு சத்தம் வருமே, அதை அடிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அது எப்போது வரும் என்பதும் முக்கியம். மெதுவான பட் என்றால் தாமதமாக, வேகமான பட் என்றால் சீக்கிரம். அந்தத் தாமதத்தைக் காதில் சரியாகப் பிடித்தால் கைக்கு வேகம் தானாகத் தெரிகிறது. ஏன் என்று விளக்க எனக்குத் தெரியாது. வேலை செய்கிறது.

இதெல்லாம் கைகூடிய நம்பிக்கையில் ஒரு கிளப் போட்டியில் பெயர் கொடுத்தேன். அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் குழியிலிருந்தே ஒவ்வோர் அடிக்கும் முழுப் பூஜை. பின்னால் நின்று, சொல்லி, வளைவு இழுத்து, இலை தேடி, வெற்று ஸ்விங் மூன்று. ‘டக்’ கேட்கவில்லை, இன்னொன்று. ஆறாவது குழியில் கூட ஆடியவர்களில் ஒருவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். எட்டாவதில் பின்னால் வந்த கோஷ்டி இடுப்பில் கை வைத்து நின்றது. ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, “தம்பி, சாமி வந்தா சொல்லுங்க, நாங்க போய்ச் சாப்ட்டுட்டு வந்தர்றோம்” என்றார். முகம் சுருங்கிப்போயிற்று. அதற்கப்புறம் அவசரம், அவசரத்தில் குளம். அன்றைய ஸ்கோரை இங்கே எழுதப்போவதில்லை.

2019-ல் திருத்திய விதிகளில், ஓர் அடியை நாற்பது நொடிக்குள் அடிக்கும்படி பரிந்துரைத்திருக்கிறார்கள். அதற்குள் இதையெல்லாம் செய்ய முடியுமா என்றால், முடியும். பாதி வேலையை நடக்கும்போதே முடித்துவிட வேண்டும். பந்தை நோக்கி நூறு நூற்றைம்பது யார்டு நடக்கிறோம். அப்போதே கொடி எங்கே, மேடு எந்தப் பக்கம், எங்கே விழலாம் என்று கேடி அண்ணாவுடன் பேசிக்கொண்டே போய்விடுவேன். மற்றவர் அடிக்கும்போது காற்றைப் பார்த்துக்கொள்ளலாம். என் முறை வந்தபின் பின்னால் நிற்பது பத்து நொடிகூட இல்லை. ஆறு அங்குல பட்டுக்கெல்லாம் இந்தச் சடங்கு வேண்டியதே இல்லை, போய்த் தட்டிவிட்டு வாருங்கள்.

பயிற்சி மைதானத்தில் ஒரு கூடை நூறு பந்து. முன்பெல்லாம் கரும்பு வெட்டுவதுபோல அரை மணியில் காலி செய்வேன். இப்போது முப்பது நாற்பதுதான், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இலக்கு, வேறு வேறு கிளப். ஒரே இடத்துக்கு ஒரே கிளப்பில் அடித்துக்கொண்டே இருந்தால் ஆறாவது பந்திலிருந்து மனசு வேலையை நிறுத்திவிடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் கரண்ட் போகும் நேரம் எனக்கு இன்னொரு மைதானம். பசங்க டீ குடிக்கப் போவார்கள். நான் ஒரு சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் மூன்று குழிகளை மனதில் ஆடுவேன். உட்கார்ந்து அல்ல, நின்றுகொண்டு, பந்தின் முன் நிற்கும் அதே கால் அகலத்தில். ஹோம்ஸ், காலின்ஸ் என்ற இரண்டு விளையாட்டு உளவியலாளர்கள் 2001-ல் சொன்னதும் இதைத்தான். கற்பனைப் பயிற்சி நிஜத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதே நிற்கும் நிலை, கையில் அதே மாதிரிப் பிடி, அதே வேகம். நான் என் கண்ணிலிருந்துதான் ஆடுகிறேன். தூரத்திலிருந்து கேமரா என்னைப் படம்பிடிப்பதுபோல நினைத்துப் பார்த்தேன், என் தொந்தி ஞாபகம் வந்ததோடு சரி. மோசமாகப் போன ஓர் அடியை அதே இடத்திலிருந்து மறுபடி நன்றாக அடித்துப் பார்ப்பதும் உண்டு. சுத்தியலோடு ஆடிக்கொண்டிருந்த என்னை ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய் வாசலில் நின்று இருமினார்.

இப்போது ஹேண்டிகேப் 17. இரண்டு வருஷத்தில் ஏழு குறைந்தது. எல்லாம் கற்பனையால் வந்தது என்று சொன்னால் பொய். பாதிக்கு மேல் கோச்சுக்குச் சேர வேண்டியது. நான் கிளப்பைப் பிடிக்கும் பிடியே தப்பு என்று மூன்று மாதம் உட்காரவைத்துத் திருத்தினார். பிடி தப்பாக இருக்கும்போது என்னதான் ‘டக்’கைக் கேட்டாலும் ‘தொப்’தான் வந்தது. இல்லாத ஷாட்டைக் கற்பனை உண்டாக்கித் தராது. கையில் ஏற்கெனவே இருப்பதை நடுக்கமில்லாமல் வெளியே எடுக்கத்தான் அது உதவும்.

போன மாதம் ஒரு நாள் மைதானத்திலிருந்து ஒரு பம்ப் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஸ்பிரிங்ளர் லைன் பம்ப். பிரஷர் ஏறவில்லை என்றார்கள். பிரித்துப் பார்த்தால் இம்பெல்லர் தேய்ந்து ஓரமெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. புதுசு போட்டு, சீலும் மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி, ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டு, திருப்தியோடு அனுப்பிவைத்தேன்.

அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு வெளியூர். மூன்றாவது ஞாயிறு அந்தக் குழிக்கு வந்தேன். நடக்கும்போதே எல்லாம் முடிவு செய்துவிட்டேன். செவன் அயர்ன், வேப்ப மரம், திட்டின் இடது ஓரம். பந்துக்குப் பின்னால் போய் நின்று நிமிர்ந்து பார்த்தேன். திட்டைக் காணோம். கிரீன் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே பச்சை.

கேடி அண்ணா என்னைப் பார்த்தார், கிரீனைப் பார்த்தார்.

“பம்ப்பு நம்ம ஒர்க்‌ஷாப்புலதானுங்களே ரிப்பேர் பண்ணுச்சு?”

“ஆமாங்ணா.”

“தண்ணி இப்ப நல்லா எட்டுதுங்க.”

பையிலிருந்து செவன் அயர்னை உருவி நீட்டினார். வாங்கப் போனேன். பிடியை விடவில்லை.